பல நிபந்தனைகளும் ஒரே வரிசையும்: சோழர் காலக் கல்வெட்டுத் தேடலில் உறவுநிலைத் தரவுத்தளம் – திருமுல்லைவாயில், அம்பத்தூர்ச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டுகளைக் கொண்டு சமூக வரலாறு எழுதுவோர், ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகளுக்கு ஒருங்கே பொருந்தும் சான்றுகளைத் தேட வேண்டியவராக உள்ளனர். அச்சு நூல்கள், அட்டைகள், கணினி, உறவுநிலைத் தரவுத்தளம் ஆகியவற்றின் வழியே இத்தேடல் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தேடலின் விடையைத் தீர்மானிப்பது கருவியின் விரைவன்று. அட்டவணையின் ஒரு வரிசை எதனைக் குறிக்கிறது என்று ஆய்வாளர் முன்கூட்டியே எடுக்கும் முடிவே விடையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இது, திருமுல்லைவாயில் கல்வெட்டு ஒன்றையும் சோழர் காலப் பெயர்த்தொகுப்பு ஆய்வையும் சான்றாகக் கொண்டு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டியல், உறவுநிலைத் தரவுத்தளம், நிபந்தனை, புழற்கோட்டம், மூவேந்தவேளான், செம்பியன் மாதேவி, உம்மை.

முன்னுரை

சென்னையின் மேற்கே, ஆவடி மாநகராட்சி எல்லைக்குள் அமைந்துள்ளது திருமுல்லைவாயில். இவ்வூர் மாசிலாமணீசுவரர் கோயிலில் உத்தம சோழரின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார், புழற்கோட்டத்து அம்பத்தூர் நாட்டு அம்பத்தூரில் நிலம் வாங்கி, திருமுல்லைவாயில் இறைவனுக்கு அளித்த செய்தியை அது தெரிவிக்கிறது. உத்தம சோழர் கி.பி. 970-71 அளவில் அரியணை ஏறினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாதலின், இக்கொடை கி.பி. 984 அளவில் நிகழ்ந்ததாகும்.

ஒரே கல்வெட்டில் ஓர் அரசர், ஓர் ஆட்சியாண்டு, ஓர் அரசி, நிலம் விற்றோர், கொடை பெற்ற கோயில், நிலம் இருந்த ஊர், அவ்வூர் அடங்கிய நாடு, அந்நாடு அடங்கிய கோட்டம் எனப் பல செய்திகள் செறிந்துள்ளன. இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துத் தேடுவது எளிது. ‘தொண்டை மண்டலத்தில், கி.பி. 985க்கு முன், அரச குடும்பத்துப் பெண்ணொருவர் விலைகொடுத்து வாங்கி அளித்த நிலக்கொடைகள் எவை?’ என்று வினவினால், நான்கு நிபந்தனைகள் ஒருங்கே பொருந்த வேண்டும். இத்தகைய வினாக்களே கல்வெட்டுகளைத் தனித்தனிச் செய்திகள் என்னும் நிலையிலிருந்து வரலாற்றுச் சான்று என்னும் நிலைக்கு உயர்த்துகின்றன. அவற்றுக்கு விடை காணும் முறை எவ்வாறு அமைந்தது, அதில் பிழை நுழையும் இடம் எது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

1. அச்சு நூல்களின் ஒற்றை ஒழுங்கு

1886ஆம் ஆண்டில் யூ. ஹுல்ட்ஸ் சென்னை அரசின் கல்வெட்டியலாளராக அமர்த்தப்பட்டார். அதனைத் தொடர்ந்து கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வெளிவரலாயின. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளியாயிற்று. ஆண்டறிக்கையில் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்ட ஆண்டின் அடிப்படையில் எண்ணிடப்பட்டன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையிலோ தொகுதிதோறும் ஒழுங்கு மாறியது. இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயிலை மையமாகக் கொண்டது. மூன்றாம் தொகுதியின் மூன்றாம் பகுதி முதலாம் ஆதித்தர், முதலாம் பராந்தகர், உத்தம சோழர், பார்த்திவேந்திரவர்மர் என அரசர் அடிப்படையில் அமைந்தது.

1919இல் வி. ரங்காச்சார்யா மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் இடவாரிப் பட்டியல், மாவட்டம், வட்டம், ஊர் என்னும் முறையில் செய்திகளை அடுக்கியது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ராபர்ட் சிவெலின் தென்னிந்திய வரலாற்றுக் கல்வெட்டுகள் பற்றிய நூல் கால வரிசையைப் பின்பற்றியது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் அச்சு நூலின் இயல்பு விளங்கும். இடத்தை அறிந்தவருக்கு ரங்காச்சார்யா உதவுவார். ஆண்டை அறிந்தவருக்குச் சிவெல் உதவுவார். இடமும் காலமும் சேர்ந்த வினாவிற்கு, ஒரு நூலில் கிடைத்த பட்டியலை மற்றொன்றோடு கையால் ஒப்பிட வேண்டும். கொடையாளரின் நிலை, கொடைப் பொருள் ஆகிய நிபந்தனைகள் மேலும் சேருமாயின், பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு பதிவாகப் படிப்பதன்றி வேறு வழியில்லை.

இது தொகுப்பாசிரியர்களின் குறையன்று. அச்சு நூல் ஒரே ஓர் ஒழுங்கைத்தான் ஏற்கும். பின்னிணைப்புச் சொல்லடைவு இரண்டாம் ஒழுங்கு ஒன்றைத் தருமேயன்றி, இரு ஒழுங்குகளின் சந்திப்பைத் தராது.

2. அட்டைகளும் துளைகளும்

பல நிபந்தனைகளின் சந்திப்பைப் பொறியின் துணையுடன் காணும் முயற்சிக்கு முன்னோடியாக அமைந்தது, 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் பயன்படுத்திய துளை அட்டை முறை. ஒரு மனிதருக்கு ஓர் அட்டை; அவருடைய பால், அகவை, பிறப்பிடம் முதலியன துளைகள். மின்சுற்றை இணைக்கும் வகையைப் பொறுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் ஒருங்கே அமைந்த அட்டைகளை மட்டும் எண்ணவும் இயன்றது.

பொறியின்றிக் கையாலேயே இயங்கிய இரு முறைகள் இருபதாம் நூற்றாண்டின் நூலகங்களிலும் ஆய்வகங்களிலும் வழங்கின. முதலாவது, விளிம்பு வெட்டு அட்டை. ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஓர் அட்டை, விளிம்பில் துளைகள், பண்பு உள்ள இடத்தில் துளை விளிம்புவரை வெட்டப்பட்டிருக்கும். அட்டைக் கட்டில் ஊசியைச் செலுத்தித் தூக்கினால், அப்பண்புடைய அட்டைகள் கீழே விழும். விழுந்தவற்றைச் சேர்த்து, வேறொரு துளையில் மீண்டும் ஊசியைச் செலுத்தினால் இரண்டாம் நிபந்தனையும் நிறைவேறும்.

இரண்டாவது முறை இதற்கு நேர்மாறானது. இங்கு ஒவ்வொரு பண்பிற்கும் ஓர் அட்டை. அட்டையில் ஒவ்வோர் ஆவணத்திற்கும் நிலையானதோர் இடம். அப்பண்புடைய ஆவணத்தின் இடத்தில் துளையிடப்படும். ‘நிலக்கொடை’ அட்டையையும் ‘புழற்கோட்டம்’ அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளிக்கு எதிரே பிடித்தால், இரண்டிலும் துளையுள்ள இடத்தில் மட்டும் ஒளி ஊடுருவும்.

இவ்விரு முறைகளும் ஒரே விடையையே தருகின்றன. இன்றைய தரவுத்தளத்தில் பதிவுகள் சேமிக்கப்படும் அட்டவணை முதல் முறையையும், விரைவுக்காக அமைக்கப்படும் சுட்டு இரண்டாம் முறையையும் ஒத்திருக்கின்றன. எனினும் இரு முறைகளிலும் ‘ஓர் அட்டை அல்லது ஓர் இடம் எதனைக் குறிக்கிறது?’ என்பது முன்பே முடிவு செய்யப்பட்டாக வேண்டும். கல்வெட்டையா, கல்வெட்டில் வரும் மனிதரையா, நிலத்துண்டையா? அட்டை அச்சிடப்பட்டபின் இவ்வினாவிற்கு இடமில்லை.

3. உறவுநிலை மாதிரி

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் எஃப். காட் 1970இல் வெளியிட்ட கட்டுரை, தரவுத்தள வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அக்காலத் தரவு அமைப்புகளில் பயனர் மூவகைச் சார்புகளுக்கு உட்பட்டிருந்ததை அவர் சுட்டினார். அவை: தரவு அடுக்கப்பட்ட ஒழுங்கைச் சார்ந்திருத்தல், சுட்டைச் சார்ந்திருத்தல், தரவை அடையும் பாதையைச் சார்ந்திருத்தல். ரங்காச்சார்யாவின் பட்டியலையும் சிவெலின் பட்டியலையும் மாறிமாறிப் புரட்டும் கல்வெட்டு ஆய்வாளர் எதிர்கொண்டதும் இம்மூன்றையே எனலாம்.

காட் முன்வைத்த தீர்வில் தரவு அட்டவணைகளாக அமைகிறது. ஒவ்வொரு வரிசையும் ஒரே வடிவிலான ஒரு கூற்று. ஒவ்வொரு நெடுவரிசையும் அக்கூற்றின் ஒரு கூறு. வரிசைகளுக்கிடையே முன்பின் ஒழுங்கு இல்லை. தேடுபவர் தாம் வேண்டும் வரிசைகள் நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகளை மட்டும் கூறினால் போதும். அவற்றைச் சென்றடையும் வழி கணினியின் பொறுப்பு. 1974இல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் வெளியிட்ட வினவல் மொழி பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர்பெற்றது. அதில் நிபந்தனைகள் ‘மற்றும்’, ‘அல்லது’, ‘அன்று’ என்னும் பொருளுடைய மூன்று இணைப்புச் சொற்களால் பிணைக்கப்படுகின்றன.

இங்கு ஒரு நுட்பம் கவனத்திற்குரியது. ‘மற்றும்’ என்னும் இணைப்பு ஒரு வரிசையை ஒரு நேரத்தில் சோதிக்கிறது. அவ்வரிசைக்குள்ளேயே இரு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். அடுத்த வரிசையில் என்ன உள்ளது என்பதை அது அறியாது. கல்வெட்டாய்வில் எழும் சிக்கல்களின் வேர் இதுவே.

4. 1978ஆம் ஆண்டுப் பெயர்த்தொகுப்பு

தமிழ்க் கல்வெட்டுகளைக் கணினியின் துணையுடன் பல நிபந்தனைகளில் ஆராய்ந்த முயற்சிகளுள் முதன்மையானது, நொபொரு கராஷிமா, ஒய். சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவு. 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக இது வெளிவந்தது. சோழர் காலத்தை 849–985, 985–1070, 1070–1178, 1178–1279 என நான்கு காலப்பகுதிகளாகப் பகுத்து நோக்கும் முறையும் இவ்வாய்வாளர்களின் எழுத்துகளால் நிலைபெற்றது.

சோழர் காலப் பெயர்கள் பல கூறுகளால் ஆனவை. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயன்மார் படிமங்களை எழுந்தருளுவித்த அலுவலர் ஒருவரின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். ‘பொய்கைநாடு கிழவன்’ என்பது நிலவுரிமையையும் ஊர்த்தலைமையையும் உணர்த்துவது. ‘ஆதித்தன் சூரியன்’ தந்தை பெயருடன் கூடிய இயற்பெயர். ‘தென்னவன் மூவேந்தவேளான்’ பெற்ற பட்டம். கோயிலில் ஸ்ரீகாரியம் செய்தவர் என்னும் பணிக்குறிப்பும் உடன் வருகிறது. நிலவுரிமை, இயற்பெயர், பட்டம், பணி ஆகிய நான்கும் ஒருவருக்கே உரியனவாக ஒரே தொடரில் அமைந்துள்ளன.

இத்தகைய பெயர்களைக் கூறுபடுத்தித் தொகுத்ததன் பயனாக, பட்டம் பெற்றோருள் உடையான், கிழவன், வேளான் முதலிய நிலவுரிமைக் குறிப்புடையோர் எவ்வளவினர், அவர்களுள் அரசுப் பணியினர் எவ்வளவினர், எக்காலப்பகுதியில் அவர்கள் மிகுதி என்னும் வினாக்களைத் தொடுக்க இயன்றது. அரசரின் பெயரையோ விருதுப் பெயரையோ முன்னொட்டாகக் கொண்ட மூவேந்தவேளான் பட்டம், நிலவுடைமைக் குடியினரான அலுவலரோடு நெருங்கிய தொடர்புடையது என்பதும், பிரமாதிராயன், பிரமராயன் போன்றவை பிராமண அலுவலர்க்கு உரியன என்பதும் இவ்வழி உறுதிப்பட்டன.

இதன் வரலாற்று முதன்மை 1980இல் மேலும் தெளிவாயிற்று. அவ்வாண்டு வெளிவந்த பர்ட்டன் ஸ்டைனின் நூல், சோழ அரசைக் கூறாக்க அரசு எனக் கொண்டது. மையப் பகுதிக்கு அப்பால் அரசரின் ஆட்சி சடங்குநிலையிலானதே என்றும், நிலையான அலுவலர் அமைப்பு இருந்ததாகக் கொள்வதற்கில்லை என்றும் வாதிட்டது. இதற்கு மறுப்பாகக் கராஷிமாவும் சுப்பராயலுவும் முன்வைத்த சான்றுகளுள் பட்டங்களும் பணிப்பெயர்களும் முக்கியமானவை. முதலாம் இராசராசர் காலம் தொட்டுப் பட்டம் பெற்ற அலுவலர் பெருகியமை, அரசின் நடுவண்மைப்படுத்தும் முயற்சியைக் காட்டுகிறது என்பது அவர்தம் முடிவு. சோழ அரசின் இயல்பு பற்றிய பெருவிவாதம் ஒன்று, ‘இப்பட்டமும் இந்நிலவுரிமையும் இப்பணியும் உடையவர் எவர்?’ என்னும் பல நிபந்தனைத் தேடலின் மேல் நிற்கிறது.

5. வரிசையின் அலகு

மேற்கண்ட தேடலில் அட்டவணையின் ஒரு வரிசை ஒரு கல்வெட்டைக் குறிப்பதாகக் கொள்வோம். ஒரு கல்வெட்டில் மூவேந்தவேளான் ஒருவர் அரசாணையை ஓலையில் எழுதுகிறார். வேறொருவர் அதிகாரியாகக் குறிக்கப்படுகிறார். மூன்றாமவர் ஊருடையானாகக் கையொப்பமிடுகிறார். மூன்று நிபந்தனைகளும் அவ்வரிசையில் நிறைவேறிவிடும். ஆனால் மூன்று பண்புகளும் உடைய மனிதர் ஒருவர்கூட அங்கு இல்லை. இவ்வாறு கிடைக்கும் எண்ணிக்கையைக் கொண்டு நிலவுடைமையாளரே அலுவலராயினர் என்று முடிவு செய்தால், அம்முடிவு சான்றிலிருந்து பிறந்ததாகாது; அட்டவணையின் அமைப்பிலிருந்து பிறந்ததாகும். பெயரடைவு கல்வெட்டை அலகாகக் கொள்ளாமல் மனிதர் பெயரை அலகாகக் கொண்டதே அதன் முடிவுகளுக்கு வலுச்சேர்த்தது. ஆதித்தன் சூரியன் ஒரே வரிசையில் எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறார். ஒரே கல்வெட்டில் வரும் வெவ்வேறு மூவர் அவ்வாறு செய்வதில்லை.

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. செம்பியன் மாதேவியார் தொண்டை மண்டலத்துத் திருமுல்லைவாயிலுக்கும் கொடையளித்தார். சோழ மண்டலத்தில், இன்று கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் கற்றளியும் எடுப்பித்தார். ‘தொண்டை மண்டலத்திலும் சோழ மண்டலத்திலும் கொடையளித்தோர் யாவர்?’ என்று கேட்டு, இடம் தொண்டை மண்டலம் மற்றும் இடம் சோழ மண்டலம் என வினவல் எழுதினால் விடை வெறுமையாகவே இருக்கும். ஒரு கொடைக்கு ஒரு வரிசையாயின், எவ்வரிசையும் இரு மண்டலங்களில் இருக்கவியலாது. ‘அல்லது’ என்று மாற்றினாலோ, ஏதேனும் ஒரு மண்டலத்தில் மட்டும் கொடையளித்தவரும் வந்து சேர்வர்.

இதற்குரிய முறை, வரிசைகளைக் கொடையாளர்வாரியாகக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவிலும் வேண்டிய மண்டலங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளனவா எனச் சோதிப்பதாகும். நடைமுறையில், இவ்விரு மண்டலங்களுள் ஒன்றில் அமைந்த வரிசைகளை ‘அல்லது’ கொண்டு முதலில் எடுத்து, கொடையாளர்தோறும் வேறுபட்ட மண்டலங்களை எண்ணி, எண்ணிக்கை இரண்டாக உள்ளோரை மட்டும் நிறுத்துவர். வேறுபட்டவற்றை எண்ணுதல் இன்றியமையாதது. இல்லையேல் ஒரே மண்டலத்தில் இருமுறை கொடையளித்தவரும் உள்ளே வருவார். காட் 1972இல் விளக்கிய உறவுநிலை இயற்கணிதத்தில் இச்செயல் ‘வகுத்தல்’ எனப்படுகிறது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்கள் கூறப்படுகின்றன. ‘புழற்கோட்டத்துக் கல்வெட்டுகளும் புலியூர்க் கோட்டத்துக் கல்வெட்டுகளும் வேண்டும்’ என்பதில் உம்மை எண்ணுப் பொருளது. இதனை வினவலாக எழுதும்போது ‘அல்லது’ என்றே எழுத வேண்டும். ‘நிலக்கொடையும் விளக்குக்கொடையும் ஒருங்கே கூறும் கல்வெட்டு’ என்பதில் உம்மை ஒரே வரிசையைக் கட்டுப்படுத்தும் ‘மற்றும்’ ஆகிறது. ‘இரு மண்டலங்களிலும் கொடையளித்தவர்’ என்பதிலோ உம்மை முற்றுப் பொருளது. அதற்கு வகுத்தலே உரியது. இயல்பு வழக்கில் ஒரே இடைச்சொல் தாங்கும் மூன்று உறவுகளைத் தரவுத்தளம் மூன்று வெவ்வேறு செயல்களாகக் கேட்கிறது. ஆய்வாளரின் வினா தமிழில் தெளிவாக இருந்தும் வினவல் தவறாக அமைவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

அலகு மனிதர் எனக் கொண்டபின்னும் ‘அதே மனிதர்’ என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ‘செம்பியன் மாதேவி’ என்னும் எழுத்துத் தொடரைத் தேடினால் அரசியோடு, அவர் பெயரால் அமைந்த சதுர்வேதிமங்கலமும் கிடைக்கும். அரசியின் பெயரோடு தந்தை, கணவர், மகன் பற்றிய குறிப்புகள் இணைந்து வருவதால் அவரை அடையாளம் காண்பது எளிது. பட்டப்பெயரால் மட்டுமே சுட்டப்படும் அலுவலர் பலருக்கு அத்தகைய துணை இல்லை. இருவரை ஒருவராக இணைத்தால் நிபந்தனைகள் பொய்யாக நிறைவேறும். ஒருவரை இருவராகப் பிரித்தால் உண்மையான பொருத்தம் மறையும்.

6. இடம் என்னும் நிபந்தனை

இடத்தை ஒற்றை நெடுவரிசையாக அமைப்பது போதாது என்பதற்குத் திருமுல்லைவாயில் கல்வெட்டு தக்க சான்று. அது கிடைத்த இடம் திருமுல்லைவாயில். அது கூறும் நிலம் இருந்த இடம் அம்பத்தூர். கிடைத்த இடத்தை மட்டும் பதிந்த அட்டவணையில் அம்பத்தூர் வரலாற்றைத் தேடுபவர்க்கு, அவ்வூரின் பத்தாம் நூற்றாண்டு நிலவிற்பனை பற்றிய இச்சான்று கிட்டாது. கோயில்கள் அண்டை ஊர்களின் நிலங்களைப் பெற்றிருந்தமையால், கொடை பெற்ற ஊரும் கொடுக்கப்பட்ட நிலத்தின் ஊரும் வெவ்வேறு நெடுவரிசைகளாதல் வேண்டும்.

இடப்பெயர்கள் காலத்தோடு மாறுகின்றன. தொண்டை மண்டலம் இராசராசர் காலத்தில் சயங்கொண்டசோழ மண்டலமாயிற்று. பூவிருந்தவல்லி, மாங்காடு ஆகிய ஊர்கள் அடங்கிய புலியூர்க் கோட்டம் பின்னர்க் குலோத்துங்கசோழ வளநாடு எனவும் வழங்கியது. பழம்பெயரை மட்டும் நிபந்தனையாக்கினால் பிற்காலக் கல்வெட்டுகளுள் சில விடுபடலாம். அதன் விளைவாக ஒரு வட்டாரத்தில் கொடைகள் குறைந்தன என்னும் தோற்றம் எழும். உண்மையில் குறைந்தது பெயரின் வழக்கு மட்டுமே.

அண்மைக்கால ஆட்சிப் பிரிவுகளும் இதே சிக்கலை உடையன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிக் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டபோது இது செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டமாக இருந்தது. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் உருவாயிற்று. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. கொடை பெற்ற கோயிலும் கொடைநிலத்தின் ஊரும் இன்று இரு மாநகராட்சிகளில் உள்ளன. ‘மாவட்டம் திருவள்ளூர்’ என்னும் நிபந்தனையைப் பழைய பட்டியல்களிலிருந்து உருவான தரவின்மேல் செலுத்தினால் இக்கல்வெட்டு கிடைக்காது. ஆகவே ஊரை ஓர் அட்டவணையிலும், அவ்வூர் எக்காலத்தில் எப்பிரிவில் இருந்தது என்பதை மற்றோர் அட்டவணையிலும் பதிந்து, காலத்தையும் இணைத்தே வினவ வேண்டும். இத்தகைய தேடலுக்கு அடிப்படை, நாடு, கோட்டம் முதலிய பிரிவுகளை ஊர்வாரியாக அடையாளம் காணும் பணியாகும். சோழ நாட்டைப் பொறுத்தவரை 1973இல் வெளியான சுப்பராயலுவின் அரசியல் புவியியல் நூல் அப்பணியைச் செய்தது.

7. சிதைவும் இன்மையும்

கல்வெட்டுகள் பல முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆட்சியாண்டு சிதைந்திருக்கலாம், ‘கோப்பரகேசரி’ என்னும் பட்டம் மட்டும் எஞ்சி, அரசரின் இயற்பெயர் மறைந்திருக்கலாம். சோழ அரசர்கள் பரகேசரி, இராசகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் பூண்டமையால், அத்தகைய கல்வெட்டு முதலாம் பராந்தகருடையதாகவோ உத்தம சோழருடையதாகவோ இருத்தல் கூடும்.

தரவுத்தளத்தில் இவ்வறியாமை வெற்று மதிப்பாகப் பதியப்படுகிறது. அதன்மேல் செலுத்தப்படும் நிபந்தனை, உண்மை, பொய் என்னும் இரண்டோடு ‘அறியப்படாதது’ என்னும் மூன்றாம் நிலையையும் பெறுகிறது. வினவல் உண்மையானவற்றை மட்டுமே திருப்பித் தரும். ‘அரசர் உத்தம சோழர்’ என்று வினவினாலும், ‘அரசர் உத்தம சோழர் அல்லர்’ என்று வினவினாலும், அரசர் பெயர் அறியப்படாத கல்வெட்டு இரண்டிலும் வாராது. இரு விடைகளையும் கூட்டினால் மொத்தம் வரும் என நம்பி விழுக்காடு கணக்கிடுவது பிழையாகும்.

நிபந்தனைகள் பெருகப் பெருக இவ்விழப்பும் பெருகும். நான்கு நிபந்தனைகள் கொண்ட தேடலில், ஒரு வரிசை மூன்றை நிறைவு செய்து நான்காவதில் சிதைந்திருந்தாலும் நீங்கிவிடும். எஞ்சுவன நன்கு பாதுகாக்கப்பட்ட கல்வெட்டுகளே. பாதுகாப்பு வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபடுவதால், கோயில்களின் பராமரிப்பு வேறுபாடு சமூக வேறுபாடாகத் தோற்றமளிக்கக்கூடும். ஆண்டறிக்கையில் சுருக்கம் மட்டுமே வெளியாகி, மூலவாசகம் பதிப்பிக்கப்படாத கல்வெட்டுகளும் இவ்வகையினவே. சுருக்கத்தில் பட்டம் குறிக்கப்படவில்லை என்பதால் கல்லில் பட்டம் இல்லை என்றாகாது.

காலப்பகுதியின் எல்லையும் கருதத்தக்கது. திருமுல்லைவாயில் கல்வெட்டு கி.பி. 984 அளவினது, முதற் காலப்பகுதியின் எல்லை 985. அரியணை ஏறிய ஆண்டைச் சற்றே மாற்றிக் கணித்தாலும் இவ்வரிசை எல்லையை ஒட்டி நிற்கும். ஆட்சியாண்டையும் அதிலிருந்து கணித்த ஆண்டையும் தனித்தனி நெடுவரிசைகளாகப் பதிந்தால்தான், கணிப்பு மாறும்போது விடை எவ்வாறு மாறுகிறது என்பதைச் சோதிக்க இயலும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. அச்சுப் பட்டியல்களின் ஒற்றை ஒழுங்கிலிருந்து ஆய்வாளரை விடுவித்தது உறவுநிலைத் தரவுத்தளத்தின் பெரும்பயன். ஆயினும், துளை அட்டைக் காலத்திலிருந்தே உள்ள அடிப்படை வினாவை அது நீக்கவில்லை: ஒரு வரிசை எதனைக் குறிக்கிறது? கல்வெட்டு, மனிதர், கொடை, நிலம் ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் திணித்தால், வெவ்வேறு மனிதரின் பண்புகள் ஒருவருடையனவாகக் கலக்கும். அவற்றைத் தனி அட்டவணைகளாக்கி இணைத்தால், அதே தரவு வெவ்வேறு வினாக்களுக்கு நேர்மையாக விடை தரும்.

சோழ அரசில் அலுவலர் அமைப்பு இருந்ததா, நிலவுடைமையாளர் அதில் பெற்ற பங்கு யாது, அரச மகளிர் கொடையின் பரப்பு எத்தகையது என்பன போன்ற வினாக்கள் எண்ணிக்கையை நாடுபவை. ஆதலின் தரவை முன்வைக்கும் கல்வெட்டாய்வு ஒவ்வொன்றும் விடையோடு நான்கினையும் வெளிப்படுத்துதல் வேண்டும்: வரிசையின் அலகு, மனிதரையும் ஊரையும் ஒன்றெனக் கொண்ட அளவுகோல், நிபந்தனைகள் இணைக்கப்பட்ட முறை, அறியப்படாமையால் நீங்கிய வரிசைகளின் தொகை. அம்பத்தூர் நிலத்தைத் திருமுல்லைவாயில் கோயிலுக்கு அளித்த ஒரு கல்வெட்டே ‘அம்பத்தூர்’ என்னும் தேடலில் கிடைக்காமற்போகலாம் எனின், ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளின்மேல் எழுப்பப்படும் எண்ணிக்கைகளுக்கு இந்நான்கு குறிப்புகளும் இன்றியமையாதன.